அன்றாடப் பயணத்துக்கு ஸ்போர்ட்ஸ் கூபே: ஆல் வீல் டிரைவா, ரியர் வீல் டிரைவா?

கேள்வி: தக்கலைவாசி

அனைவருக்கும் வணக்கம். பத்தாண்டுகளாக ஒரு சிறிய ஹேட்ச்பேக் காரை ஓட்டி வந்த நான், இந்த ஆண்டு முடிவதற்குள் பழைய ஸ்போர்ட்ஸ் கூபே (இரண்டு கதவு கொண்ட வேகக் கார்) ஒன்றை வாங்குவதென்று வீட்டாரின் ஒப்புதலோடு தீர்மானித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறையை நீக்கி ஓட்டும் வண்டியாக அது இருக்கப் போவதில்லை. வாரத்தில் நான்கு நாள் தக்கலையிலிருந்து களியக்காவிளை வழியாகக் கழக்கூட்டத்துக்கு வேலைக்குச் சென்று திரும்ப வேண்டும். ஒரு வழிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல் வரும். மாதத்தில் இரண்டு முறையாவது குலசேகரத்துக்கு அப்பால், பேச்சிப்பாறை செல்லும் வழியில் ரப்பர் தோட்டங்களுக்கிடையே இருக்கும் அம்மாவின் வீட்டுக்கு, மனைவியோடும் ஆறு வயது மகளோடும் போய் வர வேண்டும்.

பலவற்றைப் பார்த்துக் கழித்த பின் இரண்டு வண்டிகள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று, 2018ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி: 5 லிட்டர் வி8 என்ஜின், 401 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம் (ரியர் வீல் டிரைவ்). மற்றொன்று, 2017ஆம் ஆண்டு ஆடி டிடி குவாட்ரோ: 2 லிட்டர் டர்போ என்ஜின், 230 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் (ஆல் வீல் டிரைவ்). திறனில் இரண்டும் சமமல்ல என்பதை அறிவேன்; இருபது வயதில் இருந்து என் மனத்தில் இருப்பது மஸ்டாங்தான். ஆனால் நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அப்படிப்பட்ட சாலைகளில், குழந்தையைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு, 401 குதிரைத்திறனைப் பின்சக்கரங்களிடம் மட்டும் ஒப்படைப்பது பொறுப்பான செயல்தானா என்ற கேள்வி என்னை விடவில்லை. இத்தகைய வண்டிகளை நாள்தோறும் ஓட்டியவர்கள், பழுதுபார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: குலசேகரத்தார்

தம்பி, உங்கள் அம்மா வீட்டு வழியை நான் நன்றாக அறிவேன். என் வீடும் அந்தப் பக்கம்தான். நான் வைத்திருப்பது கூபே அல்ல, பிஎம்டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ் என்னும் நான்கு கதவு வண்டி. ஆயினும் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜினும் ஆல் வீல் டிரைவும் உள்ள வண்டியை மலையடிவாரத்தில் நாள்தோறும் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நம் பகுதியில் வீட்டுக்கு ஏறும் வழிகள் பெரும்பாலும் கான்கிரீட் போட்ட செங்குத்தான ஏற்றங்கள். தொடர்ந்து பத்து நாள் மழை பெய்தால் அவற்றின் மேல் பாசி படிந்துவிடும். நடந்து போகிறவர்களே வழுக்கி விழுவார்கள். அந்த ஏற்றத்தின் நடுவில், எதிரே ஒரு ஜீப் இறங்கி வருவதற்காக நின்றுவிட்டு மறுபடியும் புறப்பட வேண்டி வரும்போதுதான் ஆல் வீல் டிரைவின் பயன் தெரியும். என் வண்டியில் வழக்கமாகப் பெரும்பகுதி இழுவை பின்சக்கரங்களுக்கே போகிறது. பின்சக்கரம் வழுக்கத் தொடங்கியதும், இழுவையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸில் உள்ள பல தட்டுக் கிளட்ச் இறுகி, முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிர்கிறது. நீங்கள் சொல்லும் டிடியில் இது தலைகீழாக நடக்கும்: என்ஜின் குறுக்காக வைக்கப்பட்டிருப்பதால் முன்சக்கரங்களே முதலில் இழுக்கின்றன, பின்னச்சின் அருகில் உள்ள கிளட்ச், தேவைப்படும்போது பின்சக்கரங்களையும் சேர்த்துக்கொள்கிறது. வழி வேறானாலும், ஏற்றத்தில் கிடைக்கும் உதவி ஏறத்தாழ ஒன்றே.

அதற்காக ஆல் வீல் டிரைவ் இருந்தால் எல்லாம் பத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். அது வண்டியை நகர்த்த மட்டுமே உதவும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு; அங்கே நமக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. கூடுதல் பாகங்களின் எடையும் சேர்கிறது. எம்4 காம்பெட்டிஷன் கூபேயின் பின்சக்கர இயக்க வடிவத்தையும் எக்ஸ்டிரைவ் வடிவத்தையும் ஒப்பிட்டால் எடை வேறுபாடு ஏறத்தாழ 50 கிலோ. இறக்கத்தில் அந்த எடையையும் அதே டயர்கள்தான் நிறுத்த வேண்டும்.

பதில் 2: ஆரல்காற்று

வளைகுடாவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ஆரல்வாய்மொழியில் குடியிருக்கிறேன். அங்கே ஒரு மஸ்டாங் ஜிடி, இங்கே வந்த பின் ஒரு மஸ்டாங் ஜிடி என இரண்டை வைத்திருந்தவன் என்பதால் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த முதல் மஸ்டாங் அதன் ஆறாம் தலைமுறைதான். 2016இல் இந்தியாவுக்கு வந்தது. அந்த என்ஜினில் டர்போ கிடையாது. ஆக்சிலரேட்டரில் கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் திறன் வரும், திடீரென்று கூடுவதில்லை. மழைச்சாலையில் பின்சக்கர இயக்க வண்டியை ஓட்டுகிறவனுக்கு இந்த ஒழுங்கு மிகப் பெரிய துணை. ‘ஸ்னோ/வெட்’ என்றொரு ஓட்டுமுறையும் அதில் உண்டு. அதைத் தேர்ந்தால் ஆக்சிலரேட்டரின் வேகம் மட்டுப்படும். ஆனி மாதம் முழுவதும் நான் அதிலேயே ஓட்டுவேன்.

இருப்பினும் ஒரு முறை தவறினேன். ஐப்பசி மழையில் நாகர்கோவிலிலிருந்து தக்கலை வரும்போது, வில்லுக்குறிக்கு அருகே ஒரு வளைவில், முன்னால் போன பேருந்தை முந்தும் அவசரத்தில் ஆக்சிலரேட்டரை வளைவு முடியும் முன்பே அழுத்திவிட்டேன். பின்பகுதி இடப்பக்கமாக விலகியது. நிலைப்படுத்தும் கருவி ஒரு சக்கரத்தின் பிரேக்கைப் பிடித்து வண்டியை நேராக்கியது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை என்பதால் தப்பினேன். மறுநாள் டயரை அளந்து பார்த்தபோது பின்டயர்களின் டிரெட், அதாவது பள்ளங்களின் ஆழம், 2 மில்லிமீட்டர்தான் இருந்தது. தவறு முழுவதும் என்னுடையது. சட்டப்படி டயரில் இருக்கும் தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டர் என்பதால், இன்னும் ஓட்டலாம் என்று நானாகவே நாளைத் தள்ளிப் போட்டிருந்தேன். அன்று முதல், பின்டயர் 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுவது என் வழக்கம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், டயரின் பிடிப்பு ஒரு வீட்டின் மாதச் சம்பளம் போன்றது. வாடகைக்குக் கூடுதலாகக் கொடுத்தால் அரிசிக்குக் குறையும். பின்சக்கர இயக்க வண்டியில், வளைவில் வண்டியை உள்ளே பிடித்து வைக்கும் வேலையையும் முன்னே தள்ளும் வேலையையும் பின்டயர்கள் இரண்டும் ஒரே சம்பளத்திலிருந்து செய்ய வேண்டும். ஆல் வீல் டிரைவில் தள்ளும் செலவை நான்கு டயர்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் மொத்தச் சம்பளம் கூடுவதில்லை. அதைத் தீர்மானிப்பது ரப்பரும் டிரெட்டும் காற்றழுத்தமும் சாலையும்தான்.

மற்றொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதை என் வண்டி சந்திப்பிலிருந்து புறப்படும்போதே, பின்பகுதி மெல்ல நெளிவதன் மூலம் எனக்குச் சொல்லிவிடுகிறது. நானும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். ஆல் வீல் டிரைவ் வண்டி அதே ஈரத்தில் அசையாமல் புறப்பட்டுவிடும். காய்ந்த சாலையில் போவது போன்ற நம்பிக்கையோடு முதல் வளைவுக்கு வந்து பிரேக் பிடிக்கும்போதுதான் உண்மை தெரியவரும். ஆகவே எந்த வண்டியை வாங்கினாலும், முதல் மழையில் ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் ஒரு முறை பிரேக்கை அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் எப்போது துடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மஸ்டாங்கை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் அகலம் கண்ணாடிகள் இல்லாமலே 1,916 மில்லிமீட்டர், நீளம் 4,784. மார்த்தாண்டம் சந்தையை ஒட்டிய சாலையில் நெரிசலான நேரத்தில் அந்த நீண்ட மூக்கோடு திரும்புவது நாள்தோறும் செய்யத்தக்க வேலை அல்ல. நெரிசலில் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் எனக்குக் கிடைத்ததில்லை. வாரத்தில் நான்கு நாள் 120 கிலோமீட்டருக்கும் மேல் என்றால், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

தக்கலைவாசி எழுதியது

அண்ணாச்சி, நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு மிகுந்த நன்றி. டயர் பற்றிய பேச்சு இவ்வளவு தூரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆல் வீல் டிரைவ் வண்டியில் ஒரு டயர் கிழிந்தால் நான்கையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா? டிடியில் பராமரிப்புக்கென்று கூடுதலாக என்ன இருக்கிறது?

பதில் 3: மார்த்தாண்டம் பட்டறை

வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக வீல் அலைன்மென்ட்டும் அடிப்பாக வேலைகளும் பார்த்து வருகிறேன். இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கூற முடியாது.

டிடி போன்ற வண்டிகளில் வரும் 245/40 ஆர்18 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் சுமார் 653 மில்லிமீட்டர். பழைய டயரைவிடப் புதிய டயரில் டிரெட் 3 மில்லிமீட்டர் கூடுதல் என்றால், விட்டத்தில் 6 மில்லிமீட்டர் வேறுபாடு வரும். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் பழைய டயர் நான்கைந்து சுற்றுகள் அதிகமாகச் சுற்ற வேண்டும். முன்னச்சும் பின்னச்சும் இவ்வாறு வேறு வேறு வேகத்தில் சுற்றினால், அவற்றை இணைக்கும் கிளட்ச் தட்டுகள் நேரான சாலையிலும் தொடர்ந்து உரசும், எண்ணெய் சூடாகும், தேய்மானம் பெருகும். ஆகவே நான்கு டயர்களுக்கிடையே 2 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்க விடுவதில்லை என்பது என் பட்டறையின் வழக்கம். டயர்கள் பாதிக்கு மேல் புதியவையாக இருந்தால், அதே நிறுவனத்தின் அதே வகையில் ஒன்றோ இரண்டோ மாற்றினால் போதும். நன்றாகத் தேய்ந்திருந்தால் நான்கையும் மாற்றத்தான் வேண்டும்.

பின்சக்கர இயக்கத்தில் இந்தக் கட்டுப்பாடு குறைவு. ஒரே அச்சில் உள்ள இரண்டு டயர்கள் ஒத்திருந்தால் போதும். ஆனால் மஸ்டாங் ஜிடியில் முன்டயர் 255, பின்டயர் 275 என்று அகலம் வேறுபடுவதால், முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட முடியாது. பின்டயர்கள் விரைவாகத் தேயும், அவற்றை மட்டும் அடிக்கடி வாங்க நேரும். டிடியில் நான்கும் ஒரே அளவு என்பதால், 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்றி, நான்கையும் ஒரே சீராகத் தேய விடலாம். மொத்தத்தில் டயர்ச் செலவு இரண்டிலும் பெரிதாக வேறுபடாது என்பதே நான் கண்டது.

இனி, பலரும் கவனிக்காமல் விடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிடியின் வகையில் உள்ள ஆல் வீல் டிரைவ் கிளட்ச்சை இறுக்குவது ஒரு சிறிய மின் பம்ப்பின் எண்ணெய் அழுத்தம். கிளட்ச் தட்டுகளிலிருந்து உதிரும் துகள்கள் அந்தப் பம்ப்பின் சல்லடையில் படியும். எண்ணெயை ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றி, பம்ப்பைக் கழற்றிச் சல்லடையையும் துடைக்க வேண்டும். சல்லடை அடைத்துக்கொண்டால் பம்ப் நாளடைவில் செயலிழக்கும். அப்போது டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாமலேயே வண்டி வெறும் முன்சக்கர இயக்க வண்டியாக மாறியிருக்கக்கூடும். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு வெளிநாட்டுக் கூபேயின் உரிமையாளர் இரண்டு மழைக்காலங்களை அப்படியே ஓட்டியிருக்கிறார். தம் வண்டியில் நான்கு சக்கரமும் இழுப்பதாகவே கடைசி வரை நம்பியிருந்தார். எனவே வாங்குவதற்கு முன், சரளைக் கல் பரவிய இடத்தில் நிறுத்திச் சற்று விரைவாகப் புறப்படச் செய்து பாருங்கள். முன்சக்கரம் மட்டும் கல்லை வாரி இறைத்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதோடு, இந்த வண்டியின் ஆறு வேக எஸ்டிரானிக் தானியங்கிக் கியர்பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றியதற்கான ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

மஸ்டாங்கில் இந்தச் சிக்கல்கள் இல்லை. பின்னச்சில், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு எண்ணெய் மாற்றும்போது, அதற்குரிய உராய்வுச் சேர்மானத்தையும் சேர்த்து ஊற்ற வேண்டும். அதை மறந்தால் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது பின்னால் உதறலும் முனகலும் வரும். டிஃபரன்ஷியலே போய்விட்டது என்று சிலர் பயமுறுத்துவார்கள், நம்ப வேண்டாம்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். குறைந்த தூரம் ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் டிரெட் புதிது போலவே இருக்கும், ரப்பரோ கல்லாக இறுகியிருக்கும். நம் மழையில் அதைப் போல் ஆபத்தானது வேறில்லை. வண்டி முட்டம், குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் நின்றிருந்தால், உப்புக் காற்று பிரேக் குழாய்களையும் அடிப்பாக போல்ட்டுகளையும் என்ன செய்திருக்கிறது என்பதை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

பதில் 4: கோட்டாறு நண்பர்

சுருக்கமாக இரண்டு. வண்டி கர்நாடகம், கேரளம் என வெளிமாநிலப் பதிவாக இருந்தால், தடையில்லாச் சான்று பெற்றுத் தமிழ்நாட்டின் ஆயுள் வரியைக் கட்டி டிஎன் 75 (மார்த்தாண்டம்) பதிவுக்கு மாற்றும் செலவை விலையோடு சேர்த்துப் பாருங்கள். 2023 நவம்பர் முதல், 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு இங்கே ஆயுள் வரி 20 விழுக்காடு. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும் அது சிறு தொகையாக இருக்காது.

அடுத்து, உதிரிப் பாகம். டிடி 1998இல் தொடங்கி 2023இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஃபோர்டோ இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2021இல் அறிவித்தது. இரண்டு வண்டியுமே வெளிநாட்டிலிருந்து முழுமையாக இறக்குமதியானவை. ஒரு பம்பருக்காகவோ முகப்பு விளக்குக்காகவோ வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அந்த நாள்களில் வேலைக்குப் போக உங்கள் ஹேட்ச்பேக்கை விற்காமல் வைத்திருங்கள்.

தக்கலைவாசி எழுதியது

அனைவரும் எனக்காக இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதை மீண்டும் மீண்டும் படித்தேன். நேற்று அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தபோது, வாயில் தூண்களுக்கிடையே கயிறு பிடித்து அளந்தேன். 2 மீட்டர் 20 சென்டிமீட்டர் இருக்கிறது. கண்ணாடிகளோடு சேர்த்தால் மஸ்டாங்குக்கு இரு பக்கமும் ஒரு சாண்கூட இடம் மிஞ்சாது. அதுவும் ஏற்றத்தில் திரும்பிக்கொண்டே நுழைய வேண்டும். கான்கிரீட்டின் கீழ்ப்பாதியில் இப்போதே பாசி படர்ந்திருக்கிறது. அம்மா அதைச் சுண்ணாம்புத் தூள் போட்டுத் தேய்க்க ஆள் சொல்லியிருக்கிறார்.

மழையைப் பற்றிய என் அச்சம், நீங்கள் எழுதியதைப் படித்த பின், டயரைப் பற்றிய கவனமாக மாறிவிட்டது. பின்சக்கர இயக்கம் என்பதற்காக மட்டும் மஸ்டாங்கை நான் ஒதுக்கவில்லை. அகலமும், கழக்கூட்டம் வரை நாள்தோறும் எரியும் பெட்ரோலும்தான் என்னைத் தடுக்கின்றன. டிடி 300 கிலோவுக்கும் மேல் இலகுவானது. நீளமும் 4,177 மில்லிமீட்டர்தான். மகளின் பள்ளிப் பையும் மனைவியின் பொருள்களும் 305 லிட்டர் டிக்கியில் அடங்கிவிடும். பின் இருக்கையில் மகள் இன்னும் நான்கைந்து ஆண்டுகள் வசதியாக உட்காருவாள் என்பது வண்டியைப் பார்த்தபோது தெரிந்தது.

வண்டி இப்போது கொச்சியில் இருக்கிறது. விற்பவரிடம் டயரின் நான்கு இலக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்: முன்னிரண்டும் 1122, பின்னிரண்டும் 4018. பின்டயர்கள் இரண்டும் வண்டியின் வயதுக்குக் கிட்டத்தட்ட ஒத்தவை. ஆல் வீல் டிரைவ் கிளட்ச்சின் எண்ணெய் மாற்றியதற்கான ரசீது இருக்கிறதா என்று கேட்டதற்கு, தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். பட்டறை அண்ணாச்சி, அவர் வண்டியை இங்கே கொண்டுவர ஒப்புக்கொண்டால், வரும் சனிக்கிழமை காலையில் உங்கள் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா?

மார்த்தாண்டம் பட்டறை எழுதியது

பத்து மணிக்கு வாருங்கள் தம்பி. முன்னும் பின்னும் டயர்கள் இப்படி வேறுபட்டிருப்பதால், கிளட்ச் எண்ணெயைச் சிறிது இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்வேன். அதற்கு விற்பவரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிடுங்கள். நான்கு டயரின் விலையைக் கழித்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள்.